பழனியம்மாள் பதினேழு

போன வாரம் சௌம்யா போன் செய்தாள். நான் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்து தேய்த்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பெண். எங்கள் அறக்கட்டளை செல்போனில் ஒரு ஆப் கொண்டுவரப் போகிறதாம். அதில் பசுமாடு, ஆடு, தையல் மெஷின் எல்லாம் படமாக வரிசையில் நிற்குமாம். துபாயில் இருப்பவர் படத்தை விரலால் தொட்டால் இடுக்கியில் இருப்பவர் வாசலில் மாடு வந்து நிற்குமாம்.

"சார், உங்க சர்வீஸ்ல நடந்த ஒரு சக்சஸ் ஸ்டோரி எழுதித் தாங்க. போட்டோ இருந்தா இன்னும் நல்லது" என்றாள்.

போட்டோ இருக்கிறது. ஆனால் பார்க்கிறவர்களுக்கு அதில் யார் கொடுக்கிறார், யார் வாங்குகிறார் என்று விளங்காது. விளக்கப் புகுந்தால் இவ்வளவு நீளம் வருகிறது. ஆப்பில் இடம் போதாவிட்டால் அது என் குற்றமில்லை.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளிக்காரன், பெயர் நாச்சிமுத்து. ஆரம்பத்தில் பால் சங்கத்தில் பால் சோதிப்பவனாக இருந்தேன். காலை ஐந்து மணிக்குப் பாலில் பால்மானியை மிதக்கவிட்டு, தண்ணீர் கலந்தவர்களின் முகத்தைப் பார்க்காமல் கேனைத் திருப்பி அனுப்புவதுதான் வேலை. ஒருநாள் எங்கள் ஊரிலேயே பெரிய பண்ணையான சாமியப்பன் ஐயா வீட்டுக் கேனைத் திருப்பி அனுப்பிவிட்டேன். ஊரே பதறியது. சாயங்காலம் ஆள் விட்டுக் கூப்பிட்டார்.

"ஏனப்பா, என்ர பாலையே தண்ணீங்கறயா?"

"ஆமாங்க."

"அப்பறம்?"

"மானி அப்படித்தானுங்க சொல்லுச்சு."

"அப்பறம்?"

"கறக்கறவரு கொஞ்சம் தாராளமா ஊத்திட்டாருங்க போல."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, "நாளைல இருந்து இங்க வந்துரு. என்ர அம்மா பேர்ல தருமம் பண்ணப் போறேன். பொய் சொல்லாத ஆள் ஒண்ணு வேணும்" என்றார். அந்த வேலையில் சேர்ந்த பிறகு நான் எவ்வளவு பொய் எழுதினேன் என்பதுதான் இந்தக் கட்டுரையின் பாதி.

அவரை நாங்கள் பெரியவர் என்போம். நெல் மில், தென்னந்தோப்பு, நாலு பக்கம் வயல் எல்லாம் இருந்தும் மனுஷனுக்கு ஆபீஸ் மேஜை கிடையாது. களத்தில் ஒரு பிளாஸ்டிக் சேர், அவ்வளவுதான். எதைச் சொன்னாலும் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். முடித்ததும் "அப்பறம்?" என்பார். நாம் சொல்லாமல் விட்டதில் ஒரு பகுதியைச் சொல்வோம். மறுபடியும் "அப்பறம்?" மூன்றாவது "அப்பறம்" வரும்போது நாம் வீட்டிலிருந்து கிளம்பும்போதே மறைக்கத் தீர்மானித்ததெல்லாம் வெளியே வந்து விழும். போலீஸ்காரர்கள் எதற்கு அடிக்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

அறக்கட்டளையின் தருமம் ஒன்றே ஒன்று: பசு. பெரியவருடைய அம்மா பழனியம்மாள் ஒரு பசுவை வைத்துத்தான் ஐந்து பிள்ளைகளை ஆளாக்கினாராம். அதனால் கொடுக்கிற ஒவ்வொரு பசுவுக்கும் பழனியம்மாள் என்றே பெயர். முதல் பசு பழனியம்மாள் ஒன்று, அடுத்தது பழனியம்மாள் இரண்டு. என் ரிஜிஸ்டரைத் தெரியாத ஆள் திறந்து பார்த்தால் ஏதோ ராஜ வம்சம் என்று நினைப்பான்.

கொடுக்கும் முறையில் பெரியவர் அணுவளவும் பிசக விடமாட்டார். பசுவைக் குளிப்பாட்டி மஞ்சள் பூசி, கொம்புக்கு எண்ணெய் தடவி, புது மணி கட்டி, அவர் அதன் காலைத் தொட்டுக் கும்பிட்ட பிறகுதான் கயிறு கைமாறும். அப்போது ஒரு பேச்சு. "என்ர அம்மா மூணாங் கிளாசோட பள்ளிக்கூடத்த உட்டுப்போட்டு மாடு மேய்க்கப் போனவ. அந்த மாடுதான் இந்த சாமியப்பனை உண்டாக்குச்சு." கூட்டம் கை தட்டும். இந்தப் பேச்சை நான் ஒவ்வொரு தடவையும் கேட்டிருக்கிறேன். கை தட்டச் சொல்லி முதலில் ஆரம்பித்து வைப்பவனே நான்தான்.

பிறகு போட்டோ. வாங்குகிறவர் வலப்பக்கம் கயிற்றைப் பிடித்து நிற்பார். பெரியவர் இடப்பக்கம் மாட்டின் நெற்றியில் கை வைத்து நிற்பார். "சிரிங்க, சிரிங்க" என்று நான் கத்துவேன். வாங்குகிறவர்கள் ஒருவர்கூட ஒழுங்காகச் சிரித்ததில்லை. வெட்கம் என்று நினைத்துக்கொள்வேன்.

இதற்கெல்லாம் முன்னால் விண்ணப்பம். மலையாளத்தில் அபேக்ஷை என்பார்கள், நாங்களும் அப்படியே சொல்வோம். பதினோரு கேள்விகள், பெரியவர் வாயால் சொல்லி நான் எழுதியவை. நாலாவது கேள்வி: வைக்கோல் போர் போட இடம் உண்டா? ஏழாவது: பகலில் மாட்டைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் உண்டா? கடைசியாக ஒரு ஒப்பந்தம். கொடுத்த பசுவை மூன்று வருடத்துக்கு விற்கக் கூடாது, யாருக்கும் மாற்றிவிடக் கூடாது, திருப்பித் தரவும் கூடாது. கடைசியில் சொன்னது பெரியவரின் தனிச் சட்டம். "குடுத்ததத் திருப்பி வாங்கினா என்ர அம்மாளுக்கு ஆகாது" என்பார். எலப்புள்ளி, சுற்றுவட்டாரம் எல்லாம் இந்தப் பதினோரு கேள்வியும் தண்டவாளத்தில் ரயில் போல ஓடியது. வம்பு வந்தது மலையில்.

மலைக்கு நாங்கள் முதலில் போனது ஒரு பெருமழைக் காலத்தில். மூணாறுக்குக் கீழே பள்ளிவாசல் என்ற ஊர்ப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் மண் சரிந்து, லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளில் இருந்தவர்களைப் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருந்தார்கள். பெரியவர் ஊர் முழுக்கத் துணி சேகரிக்கச் சொன்னார். ஒரு லாரி நிறையச் சேர்ந்தது. அங்கே போய் மூட்டையைப் பிரித்தால், ஊக்கு மட்டும் மிச்சமிருந்த ஜாக்கெட்டுகள், ஒரு பை நிறையக் கழுத்து டை, பெரியவருடைய மாப்பிள்ளை தன் கல்யாண ரிசப்ஷனுக்குப் போட்ட பளபளவென்ற மெரூன் கலர் கோட்டு. குளிரில் நடுங்கிக்கொண்டு வரிசையில் நின்ற ஒரு பெண்மணி ஒரு டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, எங்க வீடுதான் போச்சு. ரசனை போகல" என்றார்.

அவர்தான் பேச்சியம்மா. தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர், கணவர் இல்லை, ஒரே மகள். யாரும் எடுக்காமல் கிடந்த கோட்டைக் கடைசியில் அவரே வாங்கிக்கொண்டார். "கெடக்கட்டும், மிதியடிக்காவது ஆகும்" என்றார்.

அந்தத் தடவை பெரியவரும் காரில் வந்திருந்தார். மூணாறு தாண்டி இறங்கும் வழியெல்லாம் இரண்டு பக்கமும் தேயிலை. கண்ணுக்கு எட்டிய வரை பச்சை. அவர் கண்ணைத் திறந்தே வைத்துக்கொண்டு வந்த ஒரே பிரயாணம் அது.

"ஏப்பா நாச்சிமுத்து, இத்தனை பச்சையை வெச்சுக்கிட்டு ஒரு மாடு இல்லாம இருக்கறாங்களே. நெம்பப் பாவம்."

"ஆமாங்க" என்றேன்.

இந்த "ஆமாங்க"வுக்கு எனக்கு மன்னிப்பே கிடையாது. பாதி ஆயுள் மாட்டோடு கழித்தவன் நான். தேயிலையை மாடு வாயில் வைக்காது என்று அந்த மலையில் நடக்கப் பழகும் குழந்தைக்குக்கூடத் தெரியும். எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. எங்கள் ஊரில் பச்சையாக இருந்தால் அது நெல்லு, இல்லாவிட்டால் புல்லு. இரண்டையும் மாடு தின்னும். அந்த நினைப்பிலேயே கீழே இறங்கிவிட்டோம்.

அடுத்த மாதம் விண்ணப்பக் கட்டோடு நான் மலையேறினேன். முதலில் பேச்சியம்மா வீட்டில் உட்கார்ந்தேன். ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, பின்னால் பக்கத்து வீட்டுக்காரர்கள் பீன்ஸ் போட்ட ஒரு துண்டு நிலம்.

"என்ன உதவி வேணுமுங்க?"

"மக பன்னெண்டாவது படிக்கா அண்ணாச்சி. நர்சுக்குப் படிக்கணும்னு சொல்லுதா. அதுக்கு ஒத்தாசை பண்ணினீகன்னா..."

"எங்க ஃபாரத்துல மாடுதானுங்க இருக்குது."

அவர் கொஞ்சம் யோசித்தார். "சரி, மாட்ட வச்சுப் படிக்க வச்சுக்கிடுதேன்" என்றார்.

நாலாவது கேள்விக்கு வந்தேன். "வைக்கோலா? இங்க ஏது அண்ணாச்சி வயலு?" என்றார். நான் சன்னல் வழியாக வெளியே பார்த்து, "பசுந்தீவனம் ஏராளம்" என்று எழுதினேன். ஏழாவது கேள்வி. "பகல்ல நான் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போயிருவேன். மாரீஸ்வரிதான் இருக்கா, அவ பள்ளிக்கூடம் போயிருவா. லீவு நாள்ல பாத்துக்கிடுவா" என்றார். அவர் பேசி முடிப்பதற்குள் நான் "உண்டு" என்று எழுதி அடிக்கோடும் போட்டுவிட்டேன். என் வாழ்நாளில் நான் எழுதிய மோசமான ஒற்றைச் சொல் அதுதான்.

பழனியம்மாள் பதினேழு, கலப்பின ஜெர்சி, செவலை, மஞ்சள் பூசி மணி கட்டி லாரியில் பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் வழியாக மலையேறினாள். ஏறும்போது எட்டு லிட்டர் கறந்தாள். மூன்றாவது வாரம் அது மூன்று லிட்டர் ஆனது. தேயிலையை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கட்டை அவிழ்த்துவிட்டால் பக்கத்து வீட்டு பீன்ஸ். பீன்ஸைக் காப்பாற்றக் கட்டிப் போட்டால் கத்தல். புல் கிடைப்பது பவர்ஹவுஸுக்குத் தண்ணீர் இறங்கும் பெரிய பைப்பு ஓரத்தில், போக வர இரண்டு மணி நேரம். மாரீஸ்வரி பிளஸ் டூ முடித்த கையோடு அரிவாளை எடுத்துக்கொண்டு புல்லுக்குப் போக ஆரம்பித்தாள். அந்த வருடம் நர்சிங்குக்கு இடம் கிடைத்தும் போகவில்லை. அம்மா கொழுந்துக்குப் போகாவிட்டால் வேலை போகும், வேலை போனால் லயத்து வீடு போகும். மாட்டை விற்கவும் முடியாது, திருப்பித் தரவும் முடியாது. அப்படியானால் வீட்டில் இருக்க வேண்டியது யார்? கணக்கு அவ்வளவு சுலபமாக இருந்தது.

எனக்கு எல்லாம் தெரியும். மாதம் ஒருமுறை போய்ப் பார்த்தேனே! குளிருக்கு அந்தப் பெண் மாட்டுக்கு ஒரு சட்டை தைத்துப் போட்டிருந்தாள். கிட்டப் போய்ப் பார்த்தால் மெரூன் கலர் கோட்டு. முதுகுப் பக்கம் பிரித்து, சாக்கு ஒட்டுப் போட்டு, வயிற்றுக்கடியில் டையால் கட்டியிருந்தாள். டைகளுக்கு ஒரு வழியாக உபயோகம் வந்ததில் எனக்கு ஒரு நிம்மதி.

"பெரியவருகிட்டச் சொல்லிரலாமுங்களா?" என்று பேச்சியம்மாவிடம் கேட்டேன்.

"வேண்டாம் அண்ணாச்சி. நான் வேண்டாம்னு சொன்னா நாளைக்கு இந்த லயத்துக்கே ஒண்ணும் வராதுன்னு எல்லாரும் என்னைய ஏசுதாக. அதுவும் அவுக அம்மா பேரு வேற வச்சிருக்கு. அத எப்படி வேண்டாம்னு சொல்ல?"

எனக்கு அது வசதியாகப் போய்விட்டது. ரிப்போர்ட்டில் "பசு நலம், பயனாளி நலம், பால் நலம்" என்று எழுதினேன். மனசு உறுத்தியதால் காந்தலூருக்குக் காய்கறி ஏற்றப் போகும் காலி லாரிகளில் எலப்புள்ளி வைக்கோலை ஏற்றி அனுப்பினேன். மறையூரில் இறக்கி ஜீப்பில் ஏற்றி லயத்துக்கு. சின்னாறு செக்போஸ்டில் ஒருநாள் வனத்துறை கார்டு லாரியை நிறுத்தி, வைக்கோல் யாருக்கு என்று கேட்டிருக்கிறார். டிரைவர், "பள்ளிவாசல்ல பழனியம்மாளுக்குங்க" என்றிருக்கிறான். "இத்தனையும் அந்தம்மா ஒருத்திக்கா?" என்று கேட்டுவிட்டுக் கும்பிட்டு அனுப்பினாராம்.

இப்படியே ஒரு வருடம் ஓடியது. அடுத்த வருடம் மாரீஸ்வரி மறுபடியும் விண்ணப்பித்து, தொடுபுழைப் பக்கம் ஒரு கல்லூரியில் மறுபடியும் இடம் வாங்கிவிட்டாள். ஒன்பது நாளில் சேர வேண்டும். இந்தத் தடவையும் விட்டால் மூன்றாவது முறை யார் கொடுப்பார்கள்? "நான் போகல சார், பழனியம்மாளுக்குப் புல்லு?" என்று அந்தப் பெண் என்னிடம் சிரித்துக்கொண்டே கேட்டாள். அதே வாரம்தான் பெரியவர், "பதினேழப் பாத்து நாளாச்சு, போலாம்" என்றார்.

நான் முந்தின நாளே போய் ஏற்பாடு செய்தேன். என்ன ஏற்பாடு? உண்மையைச் சொல்லும் ஏற்பாடு இல்லை, மறைக்கும் ஏற்பாடு. லயத்துப் பெண்கள் ஆளுக்கு ஒரு அணைப்புப் புல் கொண்டுவந்து போட்டார்கள். எலும்பு தெரியாமலிருக்கக் கோட்டைப் போட்டோம். "கேட்டா மட்டும் பேசுங்க. 'அப்பறம்'னு கேட்டா 'அவ்வளவுதானுங்க'ன்னு சொல்லிருங்க" என்று பேச்சியம்மாவுக்கு ஒத்திகையும் பார்த்தேன்.

காலை பனி விலகாத நேரம் பெரியவர் மாலையும் வாழைப்பழமுமாக வந்து இறங்கினார். மாட்டைப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார்.

"இது நம்ம மாப்பிள்ளை கோட்டாச்சே?"

"குளிருங்க" என்றேன்.

அவர் குனிந்து காலைத் தொட்டுக் கும்பிட்டு மாலையைப் போட்டார். போட்ட மாலையைப் பழனியம்மாள் இழுத்துத் தின்றாள். வாழைப்பழத்தைத் தோலோடு தின்றாள். "நல்லா சாப்பிடுறா" என்று பெரியவர் சந்தோஷப்பட்டார். அடுத்து அவள் கழுத்தை நீட்டி, கொடியில் காய்ந்துகொண்டிருந்த ஒரு நீலச் சுடிதாரின் கையை வாய்க்குள் இழுத்தாள். கல்லூரிக்குப் போகும் அன்றைக்கென்று மாரீஸ்வரி எடுத்து வைத்திருந்த ஒரே நல்ல உடுப்பு. போவதில்லை என்று முடிவான பிறகும் அதைத் துவைத்துக் காயப்போட்டிருந்தாள்.

பேச்சியம்மாவுக்கு ஒத்திகை எல்லாம் மறந்துபோனது.

"எட்டி பழனியம்மா! மூதேவி! ஒன்னயப் பெத்தாளா செஞ்சாளா? வைக்கோலத் தின்ன, பீன்ஸத் தின்ன, எம் மவ ஒரு வருசத்தத் தின்ன, இப்ப அவ துணியையும் தின்னுதியா? நாசமாப் போறவளே, எப்பதான்ட்டி எங்கள விட்டுத் தொலைவ?"

எனக்கு வேலை போய்விட்டது என்று தெரிந்துவிட்டது. யாரிடம் வேலை கேட்கலாம் என்றுகூட யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். பெரியவர் அசையாமல் நின்றார். அப்புறம் அவர் தோள் குலுங்கியது. மனுஷன் சிரிக்கிறார்!

"என்ர அம்மாளை இப்படித் திட்டறதுக்கு அவ மாமியா ஒருத்திக்குத்தான் தைரியம் இருந்துச்சு" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அங்கே கிடந்த ஒரு கல்லில் உட்கார்ந்து கண்ணை மூடினார். "அப்பறம்?"

பேச்சியம்மா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

முதலில் பீன்ஸ் விஷயம் வந்தது. இரண்டாவது "அப்பறம்"முக்குப் புல்லும் பைப்பும் வந்தன. மூன்றாவதற்கு மாரீஸ்வரியின் போன வருடத்து இடமும் இந்த வருடத்து இடமும் ஒன்பது நாளும் வந்தன. நாலாவது "அப்பறம்" நான் எதிர்பார்க்காதது. அது என்னைப் பார்த்து. வைக்கோல் லாரி, ரிப்போர்ட்டு, "உண்டு" என்று எழுதிய ஏழாவது கேள்வி எல்லாவற்றையும் ஒப்பித்தேன். பால் மானி வைத்து என்னை அளந்தால் அன்றைக்கு முழுக்கத் தண்ணீர்தான்.

அவர் என்னைத் திட்டவில்லை. மாரீஸ்வரியைப் பக்கத்தில் கூப்பிட்டார். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று பழக்க தோஷத்தில் அவருடைய பேச்சை எடுத்துவிட்டார்.

"வருத்தப்படாத கண்ணு. என்ர அம்மாவும் மூணாங் கிளாசோட பள்ளிக்கூடத்த உட்டுப்போட்டு மாடு மேய்க்கப் போனவதான்..."

அங்கே நின்றுவிட்டார். இத்தனை தடவை கேட்டவன் நான், அந்த இடத்தில் அந்தப் பேச்சு நின்றதே இல்லை. கை தட்ட எடுத்த கையை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

மாரீஸ்வரி மெதுவாகக் கேட்டாள். "அவுகளுக்குப் படிக்கணும்னு ஆச இருந்துச்சா தாத்தா?"

"தெரியலியே கண்ணு" என்றார். பிறகு, "நான் கேட்டதில்ல" என்றார்.

மாடு சுடிதாரை மென்றுகொண்டிருந்தது. அதைப் பிடுங்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

மாட்டை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதில் இப்போது எல்லாருக்கும் சம்மதம். ஆனால் சட்டம் இருக்கிறதே! "குடுத்ததத் திருப்பி வாங்க மாட்டேன். அது என்ர அம்மாளுக்கு ஆகாது" என்று பெரியவர் தலையை ஆட்டினார். என் சர்வீஸில் எனக்கு உதித்த ஒரே நல்ல யோசனை அப்போதுதான் உதித்தது.

"ஏனுங்க ஐயா, திருப்பி வாங்கத்தானுங்களே கூடாது? அவங்களா தருமமாக் குடுத்தா வாங்கிக்கலாமுங்களே?"

பெரியவர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். பேச்சியம்மா பக்கம் திரும்பினார். "குடுப்பீங்களா அம்மிணி?"

பேச்சியம்மா முந்தானையை இழுத்துச் செருகினார். அவர் முகத்தில் வந்த கம்பீரத்தை எந்த ஆப்பிலும் போட முடியாது.

"கேட்ட ஒடனே குடுத்துருவாகளா? ஃபாரம் போடணும்லா? அண்ணாச்சி, எடுங்க ஃபாரத்த."

எடுத்தேன். மாரீஸ்வரி பேனாவைப் பிடித்தாள். பேச்சியம்மா கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்தார். பெரியவர் கல்லில் நேராக நிமிர்ந்து உட்கார்ந்தார். பெயர் சாமியப்பன். தொழில் விவசாயம். வருமானம் என்ற கேள்விக்கு அவர் இழுத்தார்.

"நெசத்தச் சொல்லணும்யா. பொறவு விசாரிப்போம்" என்றார் பேச்சியம்மா.

"பரவால்லீங்க, கஷ்டமில்ல" என்றார் பெரியவர். மாரீஸ்வரி அப்படியே எழுதினாள்.

"வைக்கப்போர் போட எடம் உண்டா?"

"மூணு போர் இருக்குதுங்க."

"பகல்ல மாட்டப் பாக்க ஆளு உண்டா?"

"உண்டுங்க. ஆறு பேரு இருக்கறாங்க."

மாரீஸ்வரி எழுதாமல் நிமிர்ந்தாள். "மாடு பாக்கலேன்னா அவுக அந்த நேரம் என்ன செய்வாக?"

அது ஃபாரத்தில் இல்லாத கேள்வி. பெரியவர் இரண்டு கண்ணையும் திறந்து என்னைப் பார்த்தார். "நாச்சிமுத்து, இதச் சேத்து" என்றார். அன்றிலிருந்து எங்கள் அபேக்ஷையில் பன்னிரண்டு கேள்விகள். பழைய ஏழாவது கேள்விக்கு நேர் கீழே இது நிற்கிறது. இந்த ஒற்றைக் கேள்வியோடு மலையில் மற்ற வீடுகளுக்கும் போனேன். அங்கே நாங்கள் கொடுத்திருந்த பழனியம்மாள்களில் பாதிப் பேர் அந்த வருடமே மலையிறங்கினார்கள். ஒவ்வொரு வீட்டிலும் பெரியவருக்கு ஒரு ஃபாரம். அவர் அளவுக்கு எங்களிடம் விண்ணப்பித்தவர் யாரும் கிடையாது.

கடைசியில் போட்டோ. பெரியவர் பழக்கத்தில் இடப்பக்கம் போனார். "நீங்க வாங்குதவுகல்லா, இந்தப் பக்கம் வாங்க" என்று பேச்சியம்மா அவரை வலப்பக்கம் நிறுத்திக் கயிற்றைக் கையில் கொடுத்தார். தான் இடப்பக்கம் நின்று மாட்டின் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். நான் "சிரிங்கய்யா" என்றேன். பெரியவர் எவ்வளவோ முயன்றார், சிரிப்பு வரவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு கேமராவுக்கு முன்னால் நிற்கிற ஆளுக்குச் சிரிப்பு ஏன் வருவதில்லை என்று அன்றைக்குத்தான் எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்தது. அதற்குப் பிறகு நான் யாரையும் போட்டோ எடுக்கவில்லை.

"உங்களுக்கு என்ன வேணுமுங்க?" என்று பெரியவர் பேச்சியம்மாவிடம் கேட்டார். அத்தனை வருடத்தில் அந்தக் கேள்வியை அவர் யாரிடமும் கேட்டு நான் பார்த்ததில்லை. எங்கள் ஃபாரத்திலும் அது இல்லை.

"மவ மொத நாள் போக ஒரு ஜீப்பு. பொறவு அங்கன ஆஸ்டல்ல சேக்கணும். அம்புட்டுதான்யா."

இரண்டும் நடந்தது. லாரியில் பழனியம்மாளை ஏற்றும்போது, அதுவரை திட்டித் தீர்த்த பேச்சியம்மா அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். "போயிட்டு வாட்டி, அங்கன வைக்கோலு கெடைக்கும், நல்லாத் தின்னு" என்றார். மாரீஸ்வரி கோட்டைக் கழற்ற விடவில்லை. அந்தக் கோட்டோடுதான் பழனியம்மாள் பதினேழு எலப்புள்ளியில் வந்து இறங்கினாள். பெரியவரின் மாப்பிள்ளை வாசலில் நின்று பார்த்தார்.

மாரீஸ்வரி இப்போது ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். வருடத்துக்கு ஒருமுறை போன் செய்து பழனியம்மாளின் பேத்திகளை விசாரிப்பாள். அவற்றுக்குப் பெரியவர் யார் பெயரையும் வைக்கவில்லை.

சௌம்யா, சக்சஸ் ஸ்டோரி இதுதான். போட்டோவோடு அந்த ஃபாரத்தின் நகலையும் அனுப்புகிறேன். அன்று லாரியில் திரும்பும்போதுதான் அதை முழுக்கப் படித்தேன். கடைசிக் கேள்வி, "விண்ணப்பதாரருக்கு இந்த உதவி ஏன் தேவை?" என்பது. அந்த இடத்தில் பெரியவர் வாயைத் திறக்கவே இல்லை. மாரீஸ்வரி அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானாகவே எழுதிவிட்டாள். நம் ஆப்பில் மாடு கொடுக்கப் படத்தைத் தொடப் போகிறவர்களையும் முதலில் அந்தக் கேள்விக்குப் பதில் எழுதச் சொல். அவள் எழுதியிருந்தது இவ்வளவுதான்:

"அவுகளுக்கு அம்மா ஞாபகம்."